அவர் கையில் என் சாயம்

என் வீட்டுக்காரருக்குத் தலை நரைக்கவே இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னதைவிட ஊராரிடம் சொன்னதுதான் அதிகம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரோ, மருந்துக் கடைக்காரரோ, யாராவது "இந்த வயசுல எப்படி சார்" என்று கேட்டுவிட்டால் போதும், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, "எங்க அப்பா வழி" என்பார். அவருடைய அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். மாமனாருக்குக் கடைசிவரை நரையும் இல்லை, முடியும் இல்லை. அதனால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

எனக்கு அப்படிக் கொடுத்து வைக்கவில்லை. முன்நெற்றியில் சின்ன வயதிலேயே ஆரம்பித்தது, ஐம்பதைத் தாண்டியபோது முழுவதும் வெளுத்துவிட்டது. நான் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்கக் குனிந்தே வேலை. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது என் உச்சந்தலைதான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை, போன வருஷ விருந்துவரை.

என் வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்ப, இவர் வேலை பார்க்கும் பட்டறையில் பல் தயாராகும். பட்டறை முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவை ஹோட்டல் கூடத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் விருந்து கொடுப்பார். நுழைகிற இடத்தில் நீலத் திரை கட்டி, வெளியிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்து, ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார். போன வருஷம் நாங்கள் போய்த் திரைக்கு முன்னால் நின்றோம். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சாரோட மனைவி வரட்டும்."

நான் தள்ளி நின்றேன். அதுதான் என் கோபமே. யாரோ ஒருத்தர் சொன்னார் என்று கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. அப்புறம்தான் இவரைப் பார்த்தேன். இவர் சொல்வார் என்று நினைத்தேன். இவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "பரவால்ல, எடுங்க" என்றார். அப்படியே எடுத்தார்கள். சட்டத்தோடு வந்த படத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொருத்தி தாராளமாக நிற்கலாம். அதை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் செருகிவிட்டேன். வருஷம் முழுக்க அது அங்கே கிடந்து என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த வருஷ விருந்து அடுத்த சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். நான் முடிவு செய்துவிட்டேன். தலைக்கு டை அடித்துக்கொண்டு போவது. அந்தப் போட்டோக்காரரே என்னை இவர் பக்கத்தில், மனைவி நிற்க வேண்டிய இடத்தில், நிற்கச் சொல்ல வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

டைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து மடித்து வைத்திருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். தலையில் பூசுவதற்கு முன்னால் துளி கலந்து, முழங்கை மடிப்பின் உள்பக்கமோ காதுக்குப் பின்னாலோ பொட்டு அளவு தடவி, இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டுமாம். சிவந்தாலோ, அரித்தாலோ, வீங்கினாலோ அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாதாம்.

முக்கால்வாசிப் பேர் இதைப் படிக்காமலே குப்பையில் போடுவார்கள். நான் அப்படியில்லை. புதுத் துணி எது வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீரில் நனைத்து, சாயம் போகிறதா என்று பார்க்காமல் கத்திரி வைக்க மாட்டேன். அந்தத் துண்டு என்ன சொல்கிறதோ அதுதான் மொத்தத் துணிக்கும். ஒரே துணிக் கட்டிலிருந்து வெட்டிய துண்டுகள் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளாது. இது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதை வைத்துத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதாவது, டெஸ்ட்டை இவர் கையில் போடுவது என்று தீர்மானித்தேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எதையும் முதலில் அவர்மேல் பார்ப்பதுதான் வழக்கம். பால் திரிந்துவிட்டதா என்று அவர்தான் வாயில் வைத்துப் பார்ப்பார். புதுச் சோப்பு, புது இருமல் மருந்து, ஆட்டம் காணும் ஏணி எல்லாம் அவரைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். கல்யாணமாகிப் போன என் மகள் அவருக்கு 'செக்போஸ்ட்' என்றே பேர் வைத்திருந்தாள். தவிர, என் கையில் போட்டுச் சிவந்துவிட்டால் விருந்துக்கு நான் தைத்து வைத்திருக்கும் குட்டைக் கை உடை வீண். அவர் எப்போதும் முழுக்கைச் சட்டை. அவர் கையில் என்ன வந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பூசிக்கிறாங்களோ அவங்க கையிலதான் போடணும்னு இருக்கும்."

"ஒரே சோப்பு, ஒரே எண்ணெய், ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு. இத்தனை வருஷம் கழிச்சு உங்க தோல் வேற, என் தோல் வேறயா?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பயப்படுவார் என்று நினைத்தேன், பயப்படவில்லை. ஊசி என்றால் மூன்று தெரு தள்ளி நிற்கிற மனிதர், நல்லபிள்ளையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதோடு நிற்காமல், நான் கலப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டார். இரண்டு குழாயிலிருந்தும் சரிசமமாகப் பிதுக்கி, கரண்டிக் காம்பால் நாலே சுற்றுச் சுற்றி, கட்டியில்லாமல் கொண்டுவந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் இறுகணும். அப்போதான் வழியாது" என்றார். இவ்வளவு கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பல் அச்சுக்கு மாவு கலக்கிற கை என்றார். பட்டறையில் ரப்பர்க் கிண்ணத்தில் அவர் மாவு கலப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவர் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்தேன். செக்போஸ்ட் சட்டைக் கையை இறக்கிவிட்டுத் தூங்கப் போயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலமே அவர் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். கேட்டதற்குக் கொசு என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் சட்டைக் கை ஏறவில்லை. மடித்துப் பார்த்தால், பொட்டு வைத்த இடம் ஒரு ரொட்டித் துண்டு அகலத்துக்குச் சிவந்து தடித்து, மேலே நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். எனக்கு முதலில் வந்தது அவர்மேல் இரக்கம் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை. ஒரே கட்டுத் துணியில் சாயம் இப்படி ஓடினால் என் தலையில் என்ன ஆகும்? விருந்துக்கு மறுபடியும் வெள்ளைத் தலையோடு போய்த் தள்ளி நிற்க வேண்டியதுதான். பெட்டியைக் குப்பையில் போடக் கையில் எடுத்தேன். அதற்குள் அவர் வலியில் முனகினார். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். மேஜைமேல் பெரிய பூதக்கண்ணாடி வைத்திருந்தாள். கையைப் பார்த்ததும் என்ன பட்டது என்று கேட்டாள். நான்தான் எல்லாக் கதையையும் சொன்னேன். என் டை, அவர் கை என்று சொன்ன இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது டை போட்டிருக்கீங்களா?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த தோல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே பதில் சொன்னேன்.

"அவருக்கு நரையே கிடையாது டாக்டர். அவங்க அப்பா வழி."

டாக்டர் தலையாட்டினாள். பொதுவாக ஒரு பொருள் முதல் தடவை படும்போது உடம்பு இவ்வளவு வேகமாக, இவ்வளவு பலமாகக் கோபப்படாதாம். முன்னால் பலமுறை பட்டு, பட்டு, ஒருநாள் போதும் என்று முடிவு செய்த பிறகுதான் இப்படி வருமாம். வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாத டைகூடத் திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் செய்யச் சொல்கிறார்கள் என்றாள். தலையில் அரிப்பு உண்டா என்றும் கேட்டாள். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். கொஞ்ச மாதமாகப் பொடுகு, விடாமல் சொறிகிறார் என்று.

"சார், தலையக் கொஞ்சம் குனிங்க."

அவர் குனிவதற்கு நேரமாயிற்று. டாக்டர் விளக்கை இழுத்து, இரண்டு விரலால் முடியை வகிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள் என்று அவள் கன்னத்தில் தெரிந்தது.

"அம்மா, நீங்களே வந்து பாருங்க."

நான் அவர் தோள் உயரம்தான். அவர் உச்சந்தலையை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. எட்டிப் பார்த்தேன். தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒவ்வொரு முடியும் மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. பஞ்சு வெள்ளை.

டாக்டர் தன் வேலையைப் பார்த்தாள். இனி டையைக் கையால்கூடத் தொடக்கூடாது, அடுத்த தடவை முகம் வீங்கலாம், கண் மூடிக்கொள்ளலாம், மூச்சுத் திணறல்வரைகூடப் போகலாம் என்றாள். தலைக்குக் களிம்பு எழுதிக்கொடுத்தாள், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டால் தடவ வசதி என்றாள். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு ஒத்துக்குமான்னு உங்க கையில போட்டாதான் தெரியும். கல்யாணம் தோல்வரைக்கும் போகாதும்மா."

பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது. மாதக் கடைசியில் பட்டறையில் வேலை அதிகம் என்று தாமதமாக வருவது. வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போவது. ரப்பர்க் கிண்ணம். அதைவிட, அவர் காதோரத்தில் எப்போதும் இருக்கிற இரண்டு மூன்று வெள்ளை முடி. கண்ணாடி முன்னால் நின்று அதை என்னிடம் காட்டி, "எனக்கும் வயசாகுது பாரு" என்று பெருமூச்சு விடுவார். பல் செட் செய்யும்போது ஒரு பல்லை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைப்பார், கொஞ்சம் மஞ்சள் தீட்டுவார். எல்லாம் ஒரே சீராக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளை முடிகள் அவர் எனக்கு வைத்த கோணல் பல்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பட்டறைக்குப் புதுப் பையன்கள் வர ஆரம்பித்ததிலிருந்து என்றார். வயதானவன் என்று தெரிந்தால் கை நடுங்கும் என்று நினைப்பார்கள், நுணுக்கமான வேலை கைவிட்டுப் போய்விடும் என்று பயம். ஒருதடவை ஆரம்பித்ததை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லையாம். விருந்துக்கு முன்னால் பூசலாம் என்று இந்த மாதம் தள்ளிப் போட்டிருந்தாராம். அரிப்புக்கு உண்மையிலேயே பொடுகு என்றுதான் நினைத்தாராம். அதனால்தான் என் பொட்டுக்குப் பயப்படாமல் கையை நீட்டினாராம்.

இதையெல்லாம் என்னால் மன்னிக்க முடிந்தது. டை ஒரு குற்றமா? நானே கடை கடையாகத் தேடி ஒன்று வாங்கி வந்தவள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

"அன்னிக்கு அந்தப் போட்டோக்காரர் என்னத் தள்ளி நிக்கச் சொன்னப்போ ஏன் பேசாம இருந்தீங்க?"

அவர் வீங்கிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நிறுத்தம் வரப்போகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நீதான் என் வீட்டுக்காரின்னு சொல்லியிருந்தா, எல்லாரும் என் தலைய இன்னொரு தடவை பார்த்திருப்பாங்க."

அது எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மேஜைமேல் கிடந்த டைப் பெட்டியை எடுத்து, மிச்சமிருந்ததிலிருந்து துளி கலந்து, என் முழங்கை மடிப்பில் நானே பொட்டு வைத்துக்கொண்டேன். குட்டைக் கை உடையாவது ஒன்றாவது. அவரோடு பேசவில்லை. சமைத்தேன், சாப்பாடு போட்டேன், அவர் தலைக்குக் களிம்பும் தடவினேன். பேச்சு மட்டும் இல்லை.

புதன்கிழமை அவர் முடிவெட்டும் கடைக்குப் போய் மெஷின் வைத்து ஒட்ட எடுத்துக்கொண்டு வந்தார். மீதி இருந்தது அத்தனையும் வெள்ளை. கதவைத் திறந்த நான், யார் வேண்டும் என்று கேட்கப் போய் அடக்கிக்கொண்டேன். மறுநாள் பட்டறையில் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று நானாகக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். பையன்கள் இரண்டு பேர் எழுந்து நின்று, நல்ல வெளிச்சமுள்ள மேஜையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்களாம். வேலை ஒன்றும் கைவிட்டுப் போகவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏதோ ஏமாற்றம் இருந்தது. இத்தனை வருஷம் வீணாக மாவு கலந்திருக்கிறார்.

என் கை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அந்த இடத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மங்கலாக ஒரு கறை, அவ்வளவுதான். சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. அவர் வேறு துணி, நான் வேறு துணி. கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் குளியலறையில் உட்கார்ந்து பூச ஆரம்பித்தேன். அவர் கிட்டே வரக்கூடாதே, அதனால் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கை பரபரப்பது பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கம் விட்டுப்போயிற்று, சீப்பைச் சாய்த்துப் பிடி, முதலில் வேர், அப்புறம் நுனி என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர் அணிக்கு ஓரத்தில் நின்று ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் தோற்றார். கடைசியில் எழுந்து வாசல்படிவரை வந்துவிட்டார்.

"காதோரத்துல ரெண்டு முடிய மட்டும் விட்டுடு. அப்போதான் நிஜம் மாதிரி இருக்கும்."

"ஒண்ணுகூட விடமாட்டேன்" என்றேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சனிக்கிழமை கூடத்தின் வாசலில் அதே நீலத் திரை, அதே போட்டோக்காரர். எங்களுக்கு முன்னால் வரிசையில் மூன்று நான்கு ஜோடிகள். நான் குட்டைக் கை உடையில், கருகருவென்று தலையோடு, நிமிர்ந்து நின்றேன். இவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

"மேடம், அப்பாவுக்கு நாற்காலி போடச் சொல்லட்டுமா? உங்க வீட்டுக்காரர் வரட்டும், முதல்ல உங்க ஜோடிப் படத்தை எடுத்துடலாம்."

எனக்கு உள்ளே ஏதோ குதித்தது. ஆமாம், குதித்தது. நான் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. ஒரு வருஷம் போர்வைக்கு அடியில் கிடந்த படம் என் முன்னால் வந்து நின்றது. இவர் அன்றைக்குக் கண்ணாடி துடைத்தாரே, நானும் என் கைப்பையைத் திறந்து சாவகாசமாகக் கைக்குட்டையைத் தேடினேன். தேடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, ஒரு அடி தள்ளி நின்றார்.

அந்த ஒரு அடி எனக்குத் தெரியும். அதை எடுத்து வைக்கும்போது கால் எப்படிக் கனக்கும் என்று இந்தக் கூடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கைக்குட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பையை மூடினேன். எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இவர்தான் என் வீட்டுக்காரர். எடுங்க."

நான் பிடித்தது சரியாக அந்த முழங்கை மடிப்பு. அவசரத்தில் அது எங்கே ஞாபகம் இருக்கிறது. இவர் "ஸ்ஸ்" என்று துள்ள, நான் ஐயோ என்று சொல்ல வந்து சிரித்துவிட, போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். வேறு ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

படம் சட்டத்தோடு வந்துவிட்டது. அதில் அவர் பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முகத்தைச் சுளித்திருக்கிறார், நான் வாயெல்லாம் பல்லாக இருக்கிறேன். நடுவில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. அதை எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன்.